25 வயதில் ரிட்டயர்மென்ட்: டெஸ்ட் ஆடிய 5 மாதத்தில் கிரிக்கெட்டையே விட்டவர்! யார் இந்த ஜாஃபர் அன்சாரி?

2017 ஏப்ரல் 26. இங்கிலாந்தில் கவுன்ட்டி சீசன் அப்போதுதான் சூடுபிடிக்கத் தொடங்கியிருந்தது. அன்று சர்ரே கிளப்பிலிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. இடதுகை ஸ்பின்னரும் பேட்ஸ்மேனுமான ஜாஃபர் அன்சாரி ஓய்வு பெறுகிறார், அதுவும் உடனடியாக.

அவருக்கு அப்போது வயது 25. பெரிய காயம் எதையும் காரணமாகச் சொல்லவில்லை. சூதாட்டப் புகார் இல்லை, கிளப்போடு சண்டையும் இல்லை. ஐந்து மாதங்களுக்கு முன்புதான் விசாகப்பட்டினத்தில் விராட் கோலியின் இந்திய அணிக்கு எதிராக டெஸ்ட் ஆடியிருந்தார். ஸ்பின்னர்களுக்கு 25 என்பது வயதே இல்லை. பலருக்கு அதற்குப் பிறகுதான் பந்து பேச ஆரம்பிக்கும்.

'நல்லா போயிட்டிருந்த வேலையை ஏன் விட்டார்?' என்பதுதான் அன்று எல்லோரும் கேட்ட கேள்வி. பதில், கிரிக்கெட்டைத் தாண்டி நம்மில் பலருக்கும் தேவைப்படுவது.

யார் இந்த அன்சாரி?

1991 டிசம்பர் 10 அன்று, லண்டனுக்கு மேற்கே இருக்கும் ஆஸ்கட்டில் பிறந்தவர். அப்பா பாகிஸ்தானில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறிய பேராசிரியர். அம்மா ஆங்கிலேயர், அவரும் வரலாற்றுப் பேராசிரியர். இருவருமே லண்டன் பல்கலைக்கழகத்தின் ராயல் ஹாலோவே கல்லூரியில் பணியாற்றியவர்கள். வீடு முழுக்க புத்தகம் என்று சொல்லலாம்.

பள்ளிப் படிப்பு ஹாம்ப்டன் ஸ்கூலில். தென்மேற்கு லண்டனில் உள்ள தனியார் பள்ளி அது. இந்தத் தகவலை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

சின்ன வயதிலிருந்தே சர்ரேவின் ஜூனியர் அணிகளில் ஆடி வளர்ந்தவர், படிப்பையும் விடவில்லை. கேம்பிரிட்ஜின் டிரினிட்டி ஹாலில் அரசியல், தத்துவம், சமூகவியல் படித்தார். 'டபுள் ஃபர்ஸ்ட்' வாங்கினார். அதாவது, அங்கே பட்டப் படிப்பின் இரண்டு கட்டத் தேர்வுகளிலும் முதல் வகுப்பு. பிறகு முழுநேர கிரிக்கெட் வீரராக இருந்துகொண்டே ராயல் ஹாலோவேவில் வரலாற்றில் முதுகலை படித்தார். அமெரிக்காவில் 1960-களின் சிவில் உரிமைப் போராட்டத்தின்போது, கறுப்பின மக்களைக் காக்க ஆயுதம் ஏந்திய 'டீக்கன்ஸ் ஃபார் டிஃபென்ஸ்' என்ற அமைப்பைப் பற்றித்தான் அவரது ஆய்வுக் கட்டுரை. டிரெஸ்ஸிங் ரூமில் இதைப் பற்றிப் பேச எத்தனை பேர் கிடைத்திருப்பார்கள்?

சரி, கவுன்ட்டி கிரிக்கெட்னா என்ன?

நம்ம ஊர் ரஞ்சி டிராபி மாதிரி என்று சுருக்கமாகச் சொல்லலாம், ஒரு முக்கியமான வித்தியாசத்துடன். ரஞ்சியில் ஆடுபவர்கள் பலருக்கு ரயில்வே, வங்கி, தனியார் நிறுவனம் என்று எங்காவது ஒரு வேலை இருக்கும். கவுன்ட்டி வீரருக்கு கிரிக்கெட்தான் வேலை. மொத்தம் 18 கவுன்ட்டி கிளப்கள். ஒவ்வொன்றும் வீரர்களை ஒப்பந்தம் போட்டு சம்பளத்துக்கு வைத்திருக்கும். ஏப்ரலில் தொடங்கி செப்டம்பர் வரை சீசன். நான்கு நாள் போட்டி, ஒருநாள், டி20 என்று மாறி மாறி ஆட்டம், நடுவில் ஊர் ஊராக நீண்ட சாலைப் பயணம்.

வெளியிலிருந்து பார்த்தால் கனவு வேலை. உள்ளே இருப்பவர்களுக்கு அது ஒப்பந்த வேலை. காலம் முடியும்போது கிளப் புதுப்பிக்கலாம், 'தேங்க்ஸ்' சொல்லி அனுப்பியும் விடலாம். 20-களிலேயே அனுப்பப்படுபவர்கள் ஏராளம். அதில் பெரும்பாலானவர்களின் பெயர் செய்தியில்கூட வராது. பள்ளி முடித்ததும் நேராக மட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தவருக்கு, 28 வயதில் 'அடுத்து என்ன?' என்ற கேள்வி சும்மா விடாது.

இதற்காகவே இங்கிலாந்து வீரர்களுக்கு ஒரு சங்கம் இருக்கிறது. 1967-ல் தொடங்கப்பட்ட தொழில்முறை கிரிக்கெட் வீரர்கள் சங்கம், ஆடிக்கொண்டிருக்கும்போதே படிப்பு, பயிற்சி, வேறு வேலை அனுபவம் என்று தயார்ப்படுத்த ஆலோசகர்களை வைத்திருக்கிறது. வேலை போன பிறகு கைகொடுப்பதைவிட, வேலையில் இருக்கும்போதே கதவைக் காட்டுவது நல்லது என்ற கணக்கு.

கேம்பிரிட்ஜ் டு ஓவல்

அன்சாரியின் வழி கொஞ்சம் வித்தியாசமானது. அப்போது இங்கிலாந்தில் எம்.சி.சி நிதியுதவியுடன் ஆறு பல்கலைக்கழக கிரிக்கெட் மையங்கள் இயங்கின. பட்டப் படிப்பும் தரமான பயிற்சியும் ஒரே இடத்தில் கிடைக்கும். சீசன் தொடக்கத்தில் கவுன்ட்டி அணிகளோடு மோதும் வாய்ப்பும் உண்டு.

2011-ல் கேம்பிரிட்ஜ் அணிக்காக, தன் சொந்தக் கவுன்ட்டியான சர்ரேவுக்கு எதிராகவே பந்து வீசினார் அன்சாரி. 33 ரன்களுக்கு 5 விக்கெட். அவுட் ஆனவர்களில் ஒருவர் கெவின் பீட்டர்சன். அப்போது அன்சாரிக்கு வயது 19.

அடுத்த சில ஆண்டுகளில் சர்ரேவில் கிட்டத்தட்ட எல்லா வேலையும் பார்த்தார். ஓப்பனிங் இறங்கினார், நடுவரிசையில் ஆடினார், ஸ்பின் போட்டார். ஏப்ரல், மே மாத ஈரப் பிட்ச்சில் ஸ்பின்னருக்குப் பெரிய வேலை இருக்காது. அதனால் பேட்டிங்கும் தெரிந்த ஸ்பின்னர் என்றால் அங்கே கூடுதல் மதிப்பு.

ஆனா, அதிர்ஷ்டம்தான் அவரோடு கண்ணாமூச்சி ஆடியது.

2015 மே மாதம் டப்ளின் அருகே அயர்லாந்துக்கு எதிராக ஒருநாள் போட்டியில் அறிமுகம். 18 ஓவர் முடிந்ததும் மழை, ஆட்டம் ரத்து. அன்சாரி ஒரு பந்து வீசவில்லை, ஒரு பந்தைச் சந்திக்கவும் இல்லை. அவரது ஒருநாள் சர்வதேசப் பயணம் அவ்வளவுதான்.

அதே ஆண்டு செப்டம்பர் 15. ஐக்கிய அரபு அமீரகத்தில் பாகிஸ்தானுக்கு எதிராக ஆடப்போகும் டெஸ்ட் அணியில் அவர் பெயர் வந்தது. அதே நாளில் ஓல்டு டிராஃபோர்டில் லங்காஷயருக்கு எதிராக ஃபீல்டிங் செய்யும்போது கட்டைவிரல் மூட்டு விலகியது. சந்தோஷமும் சோகமும் ஒரே நாளில். டூர் போச்சு. அந்த சீசனில் சர்ரே இரண்டாம் டிவிஷனை வென்று மேலே ஏறியது மட்டும்தான் ஆறுதல்.

டாக்கா, ராஜ்கோட், விசாகப்பட்டினம்: 3 டெஸ்ட், 4 வாரம்

கடைசியில் 2016 அக்டோபர் 28 அன்று டாக்காவில் டெஸ்ட் தொப்பி கிடைத்தது. அவருக்கு வழிவிட்டு வெளியே உட்கார்ந்தது யார் தெரியுமா? சர்ரேவில் அவரது கேப்டனான கேரத் பேட்டி. அதற்கு முந்தைய சிட்டகாங் டெஸ்ட்டில்தான் 11 ஆண்டுகளுக்குப் பிறகு இங்கிலாந்துக்காக ஆடியிருந்தார் பேட்டி, 39 வயதில்! ஒரே கவுன்ட்டி, ஒரே டிரெஸ்ஸிங் ரூம். 39-ல் விடாமல் திரும்பி வந்தவர் ஒருவர், 25-ல் போதும் என்று கிளம்பப் போகிறவர் இன்னொருவர். இரண்டு பேருமே கிரிக்கெட்டை நேசித்தவர்கள்தான்.

டாக்காவில் இரண்டாம் நாளின் கடைசிப் பந்தில் மஹ்முதுல்லா பெரிய ஷாட்டுக்குப் போய் போல்டு ஆனார். அன்சாரிக்கு அது முதல் டெஸ்ட் விக்கெட். ஆனால், மெஹதி ஹசன் மிராஸின் சுழலில் விக்கெட் இழக்காமல் 100 ரன் எடுத்திருந்த இங்கிலாந்து 164-க்குச் சுருண்டது. இங்கிலாந்தை வங்கதேசம் முதல் முறையாக டெஸ்ட்டில் வென்ற நாள் அது.

அடுத்து இந்தியா. ராஜ்கோட் மைதானம் கண்ட முதல் டெஸ்ட். இங்கிலாந்து 537 ரன் குவித்தது, அன்சாரியின் பங்கு 32. பந்துவீச்சில் ரஹானேவை போல்டு செய்தார். அந்த அணியில் மொயின் அலி, ஆதில் ரஷீத், ஹசீப் ஹமீத், அன்சாரி என்று தெற்காசியக் குடும்பப் பின்னணி கொண்ட நான்கு பேர் ஒன்றாக ஆடினார்கள். ஆட்டம் டிரா.

விசாகப்பட்டினத்தில் எல்லாம் மாறியது. இந்தியா 246 ரன் வித்தியாசத்தில் ஜெயித்தது. இரண்டாவது இன்னிங்ஸில் அன்சாரி ரன் எடுக்காமல் போல்டு. ஸ்டம்பைச் சாய்த்தவர் நம்ம அஷ்வின். இன்ஜினீயரிங் முடித்துவிட்டு கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்த ஒருவர், கிரிக்கெட்டை முடித்துவிட்டு வேறு துறையைத் தேர்ந்தெடுக்கப் போகும் ஒருவரின் கடைசி டெஸ்ட் இன்னிங்ஸை முடித்துவைத்தார். அன்று அது இருவருக்கும் தெரியாது.

அதன் பிறகு முதுகுவலி. தொடரின் பாதியிலேயே ஊர் திரும்பினார். அவருக்குப் பதிலாக அழைக்கப்பட்ட லியாம் டாசன், வர்தா புயல் சென்னையைப் புரட்டிப்போட்ட அதே வாரத்தில் தொடங்கிய சேப்பாக்கம் டெஸ்ட்டில் அறிமுகமாகி, அவுட் ஆகாமல் 66 ரன் எடுத்தார். கருண் நாயர் 303 அடித்த அதே மேட்ச்தான்.

மொத்தக் கணக்கு: 3 டெஸ்ட், 49 ரன், 5 விக்கெட். முதல்தரப் போட்டிகளில் 71 ஆட்டம், 3,000-க்கும் அதிகமான ரன்கள், 128 விக்கெட்.

ஏன் விட்டார்?

தன் அறிக்கையில் அவர் சொன்னதன் சாரம் எளிமையானது. கிரிக்கெட் தன் வாழ்க்கையின் ஒரு பகுதி மட்டுமே என்பதை எப்போதும் சொல்லி வந்திருக்கிறேன். நிறைவேற்ற நினைக்கும் வேறு ஆசைகளும் இருக்கின்றன. அடுத்து சட்டத் துறையாக இருக்கலாம், அங்கே போய்ச்சேர வேண்டுமென்றால் இப்போதே தொடங்க வேண்டும்.

கடைசி வரியில்தான் விஷயம் இருக்கிறது. இங்கிலாந்தில் வேறு பாடத்தில் பட்டம் பெற்றவர் வழக்கறிஞராக வேண்டுமென்றால், முதலில் சட்ட மாற்றுப் படிப்பு, பிறகு தொழில் பயிற்சி, அதன் பிறகு அனுபவம் வாய்ந்தவரிடம் பழகும் காலம் என்று பல படிகள். 35 வயது வரை ஆடிவிட்டுத் தொடங்கினால், 40-ஐ நெருங்கும்போது ஜூனியர் வக்கீல். 25-ல் தொடங்கினால் கதையே வேறு. கிரிக்கெட் பிடிக்காமல் போனதால் வந்த முடிவு என்று மட்டும் இதைப் பார்க்க முடியாது. காலத்தை வைத்துப் போட்ட கணக்கும் இதில் இருக்கிறது.

இதற்குச் சரியாக ஓராண்டுக்கு முன்பு, 2016 ஏப்ரலில், இன்னொரு கவுன்ட்டி வீரரும் ஓய்வு பெற்றார். நாட்டிங்ஹாம்ஷயரின் ஜேம்ஸ் டெய்லர், வயது 26. கேம்பிரிட்ஜில் ஒரு போட்டியின்போது நெஞ்சில் இறுக்கம் ஏற்பட்டு மருத்துவமனைக்குப் போனவருக்கு, அரிதான இதயத் தசை நோய் இருப்பது தெரிந்தது. அத்துடன் ஆட்டம் நிறுத்தப்பட்டது. இங்கிலாந்துக்கு 7 டெஸ்ட், 27 ஒருநாள் ஆடியவர். அவருக்கு யோசிக்க ஒரு நாள்கூட கிடைக்கவில்லை.

டெய்லருக்கு விளையாட்டு கையைவிட்டுப் போனது. அன்சாரி தானாகவே கையை எடுத்துக்கொண்டார். ஓய்வு என்ற ஒரே வார்த்தை, இரண்டு வேறு வாழ்க்கை.

இது தைரியமா, வசதியா?

இரண்டும்தான் என்பதே நேர்மையான பதில்.

தைரியம், ஏனென்றால் பல்லாயிரம் பேர் ஏங்கும் இடத்தில் நின்றுகொண்டு 'எனக்கு இது மட்டும் போதாது' என்று சொல்வது லேசான காரியம் இல்லை. சின்ன வயதிலிருந்து போட்ட உழைப்பு, பெற்றோர் ஓட்டிய கார், கோச் செலவழித்த நேரம் எல்லாம் கண் முன்னால் வரும். 'இவ்வளவு தூரம் வந்தாச்சே, இன்னும் கொஞ்சம் பார்ப்போம்' என்று தள்ளிப்போடத்தான் மனசு சொல்லும். பிடிக்காத வேலையில் ஐந்தாம் ஆண்டைத் தாண்டிய யாருக்கும் இந்தக் குரல் பரிச்சயம்.

வசதி, ஏனென்றால் அவர் கையில் கேம்பிரிட்ஜ் பட்டம் இருந்தது. பேராசிரியர் வீட்டுப் பின்னணி இருந்தது. அரசுப் பள்ளியில் படித்து, 18 வயதில் கவுன்ட்டி ஒப்பந்தம் ஒன்றையே நம்பி வந்த பையனிடம் 'நீயும் அன்சாரி மாதிரி விட்டுடு' என்று சொல்ல முடியாது. அவனுக்கு அது விடுதலையாக இருக்காது, தரையில்லாத இடத்தில் கால் வைப்பதுதான்.

அதனால் இந்தக் கதையை 'பிடிக்கலைன்னா வேலையை விடுங்க' என்ற வாட்ஸ்அப் அறிவுரையாகச் சுருக்கினால் தப்பு. கவனிக்க வேண்டியது அவர் விட்ட நாளை அல்ல, அதற்கு முன்பு ஆடிய ஏழு ஆண்டுகளை. ஆடிக்கொண்டே படித்தார். அணியில் இடம் உறுதியாக இருந்தபோதே இன்னொரு கதவைத் திறந்து வைத்தார். விடும் நாள் வந்தபோது, நிற்க அவருக்கு ஏற்கெனவே இன்னோர் இடம் இருந்தது.

கதை அங்கேயே முடியவில்லை

விட்டுப் போனவர் திரும்பி வந்தார், வேறு வேடத்தில்.

இங்கிலாந்து கிரிக்கெட்டில் இனவெறி, பாலினப் பாகுபாடு, வர்க்க ஏற்றத்தாழ்வு எந்த அளவுக்கு இருக்கிறது என்று ஆராய, இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் ஒரு சுயேச்சையான ஆணையத்தை அமைத்தது. சிண்டி பட்ஸ் தலைமையில் ஐந்து பேர். அவர்களில் ஒருவர் ஜாஃபர் அன்சாரி.

4,000-க்கும் அதிகமானோர் அனுபவங்களைப் பகிர்ந்தார்கள். 2023 ஜூன் 27 அன்று அறிக்கை வெளியானது. பதிலளித்தவர்களில் பாதிப் பேர், கடந்த ஐந்து ஆண்டுகளில் ஏதோ ஒரு வகைப் பாகுபாட்டைச் சந்தித்ததாகச் சொல்லியிருந்தார்கள். பாகிஸ்தான், வங்கதேசப் பின்னணி கொண்டவர்களில் அது 87 சதவிகிதம். இந்தியப் பின்னணி என்றால் 82 சதவிகிதம். கறுப்பினத்தவர்களில் 75 சதவிகிதம்.

இன்னொரு பக்கம் வர்க்கம். நாட்டில் சுமார் 7 சதவிகிதம் பேர்தான் தனியார் பள்ளியில் படிக்கிறார்கள். ஆனால், 2021-ல் இங்கிலாந்து ஆண்கள் அணிக்கு ஆடியவர்களில் 58 சதவிகிதம் பேர் தனியார் பள்ளி மாணவர்கள். ஹாம்ப்டன் ஸ்கூல் ஞாபகம் இருக்கிறதா? தன்னை மேலே தூக்கிவிட்ட அதே ஏணி எத்தனை பேருக்குக் கிடைக்கவில்லை என்பதைச் சொல்லும் அறிக்கையில், அன்சாரியும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

அறிக்கை 44 பரிந்துரைகளை வைத்தது. வாரியத் தலைவர் ரிச்சர்ட் தாம்ப்ஸன் நிபந்தனையின்றி மன்னிப்புக் கேட்டார். லார்ட்ஸ் மைதானத்தில் இங்கிலாந்து பெண்கள் அணி ஒரு டெஸ்ட்கூட ஆடியதில்லை என்பதையும் அறிக்கை சுட்டிக்காட்டியது. பின்னர் லார்ட்ஸில் பெண்கள் டெஸ்ட் ஒன்று 2026-க்கு அறிவிக்கப்பட்டது. எதிரணி, இந்தியா.

நமக்கு இதில் என்ன இருக்கு?

ஸ்கோர்கார்டை மட்டும் பார்த்தால் அன்சாரியின் கிரிக்கெட் வாழ்க்கை சின்னது. 3 டெஸ்ட், மழையில் கரைந்த ஓர் ஒருநாள் போட்டி, ஏழு கவுன்ட்டி சீசன். 'இன்னும் ஆடியிருந்தால்?' என்ற கேள்விக்கு விடை கிடையாது. இன்னும் 50 விக்கெட் எடுத்திருக்கலாம், முதுகுவலியோடு பெஞ்சில் உட்கார்ந்தும் இருக்கலாம்.

ஆனா ஒன்றை நிச்சயமாகச் சொல்லலாம். இங்கிலாந்து கிரிக்கெட்டை யார் ஆடலாம், யாருக்குக் கதவு மூடியிருக்கிறது என்ற பேச்சில் அவருக்கு ஓர் இடம் கிடைத்தது. அந்த இடத்தை வாங்கித்தந்தது 5 டெஸ்ட் விக்கெட் மட்டும் இல்லை. உள்ளே ஆடிய அனுபவமும், வெளியே போய்ப் படித்த படிப்பும் சேர்ந்து வாங்கித்தந்தது.

நீங்கள் இப்போது ஒரு நல்ல வேலையில் இருந்துகொண்டு, ராத்திரியில் வேறொன்றை யோசித்துக்கொண்டிருக்கலாம். நாளைக்கே ராஜினாமா கடிதம் எழுதச் சொல்லவில்லை இந்தக் கதை. வேலையில் இருக்கும்போதே அந்த வேறொன்றுக்கு வாரத்தில் சில மணி நேரம் கொடுங்கள் என்கிறது. அப்படிச் செய்தால், போவதா இருப்பதா என்ற முடிவை என்றைக்காவது நீங்களே எடுக்கலாம். இல்லையென்றால், அந்த முடிவை ஒருநாள் ஒப்பந்தமோ உடம்போ எடுத்துவிடும்.